முட்டி வலியும் மரத்துப்போன விரல்களும்: க்ளீட் பொருத்தும் முன் யாராவது சொல்லியிருக்கலாம்

பெடலில் ‘டக்’கென்று பூட்டிக்கொள்ளும் சைக்கிள் ஷூ வாங்கலாம் என்று யோசிப்பவர்களுக்காகவும், வாங்கிவிட்டு வலியைப் பொறுத்துக்கொண்டு ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். எனக்கு அந்த வலி ஏறக்குறைய ஒரு வருஷத்தைத் தின்றுவிட்டது. இரண்டாவதாக வாங்கிய ஷூ, முட்டிக்கு மாட்டும் பட்டை, ஃபிசியோதெரபி, தேவையே இல்லாமல் மாற்றிய சீட் என்று பணமும் நிறையப் போனது. பணம் போனதைக்கூட விடலாம். நீண்ட தூரம் ஓட்டும் ஆசையே விட்டுப்போகிற நிலைக்கு வந்துவிட்டேன், அதுதான் பெரிய வருத்தம். கடைசியில் பார்த்தால் பிரச்சினை இருந்தது உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு பிளாஸ்டிக் துண்டில்.

பெரும்பாலான ரோடு சைக்கிள் ஷூக்களின் அடியில் மூன்று போல்ட்டுக்கான துளைகள் இருக்கும். அங்கே பொருத்துகிற க்ளீட்தான் பெடலுக்குள் போய்ப் பூட்டிக்கொள்கிறது. மலைப்பாதை சைக்கிள் ஷூக்களில் இதுவே இரண்டு போல்ட்டில் நிற்கும் சிறிய உலோகத் துண்டு. எந்த வகையானாலும் அதை முன்னே பின்னே நகர்த்தலாம், பக்கவாட்டில் நகர்த்தலாம், கொஞ்சம் திருப்பவும் செய்யலாம். எனக்கு ஷூ விற்றவர் இதில் எதையும் விசாரிக்கவில்லை. க்ளீட்டை நேராக வைத்து, முடிந்தவரை முன்னால் தள்ளி, முடுக்கிக் கையில் கொடுத்துவிட்டார். என் காலை அவர் பார்க்கவே இல்லை. அப்படித்தான் எல்லோருக்கும் பொருத்துவார்கள் போலிருக்கிறது என்று நானும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஆரம்பத்தில் குறுகிய தூரம்தான் ஓட்டினேன், ஒன்றும் தெரியவில்லை. தூரம் கூடியபோதுதான் ஆரம்பித்தது. ஒரு மணி நேரம் தாண்டியதும் பாதத்தின் முன்பகுதியில் சூடு ஏறும், பிறகு எரிச்சல், அப்புறம் நடுவிரலும் அடுத்த விரலும் மரத்துப்போய் ஷூவுக்குள் விரல் இருக்கிறதா என்றே தெரியாது. ஓரமாக நிறுத்தி, ஷூவைக் கழற்றி, விரல்களை நீவிவிட்டால் சரியாகிவிடும். மறுபடி ஏறினால் மறுபடி வரும். கூட ஓட்டுகிறவர்களிடம் சொன்னால், “புது ஷூன்னா அப்படித்தான், பழகிடும்” என்பார்கள். இந்த ஒரு வாக்கியத்தின் மீது எனக்கு இன்றும் கோபம் உண்டு. சைக்கிள் ஷூவின் அடிப்பகுதி கார்பனாலோ கெட்டியான நைலானாலோ செய்தது. தோல் செருப்பு போல ஓட்ட ஓட்ட நம் காலுக்கு ஏற்ப வளைந்து கொடுக்காது. முதல் வாரம் கடித்த இடத்தில் ஆறு மாதம் கழித்தும் கடிக்கும்.

விரல் மரத்துப்போவதற்கு என்ன காரணம் என்று தெரிந்துகொள்ளவே எனக்கு நாளாயிற்று. பாதத்தின் நீண்ட எலும்புகள் ஐந்தும் முடிகிற இடம் விரல்களுக்குச் சற்றுப் பின்னால் வரிசையாக இருக்கிறது. விரல்களுக்குப் போகும் நரம்புகள் அந்த எலும்புகளுக்கு நடுவே ஓடுகின்றன. ஷூ பக்கவாட்டில் நெருக்கினால் நரம்பு நசுங்கும். க்ளீட் அதிகம் முன்னால் இருந்தால் மிதிக்கிற விசை எல்லாம் விரல்களை ஒட்டிய அந்தச் சின்ன இடத்திலேயே குவியும். போதாததற்கு நீண்ட நேரம் ஓட்டினால், அதுவும் வெயிலில், பாதம் வீங்கும். எனக்கு இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்திருந்தன.

“ஒரு சைஸ் பெரிதாகப் போடுங்கள்” என்று ஒருவர் சொன்னதில்தான் அந்த இரண்டாவது ஷூ வந்தது. சைஸ் கூடினால் நீளம்தான் நன்றாகக் கூடுகிறது, அகலம் அவ்வளவாகக் கூடுவதில்லை. எனக்கு வேண்டியிருந்தது அகலம். பெரிய ஷூவுக்குள் கால் முன்னே பின்னே வழுக்கியது, குதிகால் தூக்கியது, பிடித்துக்கொள்வதற்காக விரல்களை மடக்கி மடக்கி ஓட்டியதில் எரிச்சல் இன்னும் சீக்கிரம் வந்தது. இதற்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது, பைசா செலவில்லை. ஷூவுக்குள் பாதத்துக்கு அடியில் கிடக்கும் மெத்தையான இன்சோலை வெளியே எடுத்துத் தரையில் போட்டு, அதன் மேல் முழு எடையும் கொடுத்து நில்லுங்கள். பாதத்தின் ஓரம் இன்சோலைத் தாண்டி வெளியே வழிந்தால் அந்த ஷூ உங்களுக்குக் குறுகல், அவ்வளவுதான். பல நிறுவனங்கள் அதே சைஸில் அகலப் பதிப்பும் போடுகின்றன, அதைக் கேளுங்கள். சாயங்காலம், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில், ஓட்டும்போது போடுகிற அதே சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். குதிகால் அசையக் கூடாது, விரல்கள் அசைய வேண்டும். ஓட்டும்போதும் மேல் பட்டையை இறுக்கிவிட்டு, விரல் பக்கத்துப் பட்டையைத் தளர்வாக விடுங்கள். நான் பார்த்தவரை பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

விரல் பிரச்சினையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோதே வலது முட்டியின் வெளிப்பக்கம் வலிக்க ஆரம்பித்தது. முதலில் ஓட்டி முடித்த பிறகு லேசான குத்தல். பிறகு ஓட்டும்போதே. கடைசியில் மாடிப்படி இறங்கும்போதும் வந்தது. ஃபிசியோவிடம் போனேன். தொடையின் வெளிப்பக்கமாக முட்டிக்குக் கீழே வரை ஓடும் பட்டையான திசு உரசுகிறது என்று சொல்லி, இடுப்புக்கும் தொடைக்கும் பயிற்சிகள் கொடுத்தார். பயிற்சியால் குறைந்தது உண்மை. ஆனால் சைக்கிளில் ஏறினால் திரும்பி வந்தது. அவர் கால்களைச் சோதித்தாரே தவிர, என் ஷூவைப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. நீங்கள் இந்த மாதிரி வலியோடு யாரிடமாவது போவதானால் ஷூவையும், முடிந்தால் சைக்கிளையும் எடுத்துக்கொண்டு போங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்த வலி ஏன் வருகிறது என்று புரியும். நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு காலும் 5,400 முறை மடங்கி நீள்கிறது. மூன்று மணி நேரம் ஓட்டினால் 16,200. சாதாரண பெடலில் கால் தனக்கு வேண்டிய கோணத்தைத் தானே தேடிக்கொள்ளும். பூட்டிவிட்டால் அது முடியாது. பாதம் வெளியே திரும்ப நினைக்கிறது, க்ளீட் விடவில்லை என்றால், அந்த முறுக்கு எங்கேயாவது போய்ச் சேர வேண்டும். கணுக்கால் ஓரளவு தாங்கும், இடுப்பு சுழலும். முட்டிக்கு மடங்கி நீளத்தான் தெரியும், பக்கவாட்டில் திரும்புகிற சுதந்திரம் அதற்கு மிகக் குறைவு. அதனால் கடைசியில் மாட்டிக்கொள்வது முட்டிதான்.

எனக்குப் பொருத்தியிருந்தது சைக்கிள் பாகங்கள் செய்யும் ஷிமானோ நிறுவனத்தின் சிவப்பு க்ளீட். அதில் ஃப்ளோட் கிடையாது, அதாவது பூட்டிய பிறகு குதிகாலை இம்மியும் ஆட்ட முடியாது. “சீரியஸா ஓட்டுறவங்க இதைத்தான் போடுவாங்க, பவர் வீணாகாது” என்று சொல்லிக் கொடுத்தார்கள். லுக் நிறுவனம் பனிச்சறுக்குப் பூட்டுகளில் கற்றதை வைத்து 1984-இல் க்ளீட் பூட்டிக்கொள்ளும் இந்த வகை பெடலைக் கொண்டுவந்தது. அடுத்த வருஷமே பிரெஞ்சு வீரர் பெர்னார்ட் இனோ அதை மாட்டிக்கொண்டு டூர் டி ஃபிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை ஜெயித்தார். அந்தக் காலத்து க்ளீட்கள் ஆடாதவைதான். முட்டிகள் படுகிற பாட்டைப் பார்த்த பிறகே ஆட்டத்துக்கு இடம் கொடுக்கும் க்ளீட்கள் வந்தன. அசையாத க்ளீட் தவறு என்று சொல்ல வரவில்லை. தன் கோணத்தைத் துல்லியமாக அறிந்தவருக்கு அது சரி. முதல் முறை மாட்டுகிறவருக்கு அதைக் கொடுப்பது அநியாயம்.

நிறத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏமாந்துபோகிற இடம் இது. ஷிமானோவின் மூன்று போல்ட் வகையில் சிவப்பு 0 டிகிரி, நீலம் 2 டிகிரி, மஞ்சள் 6 டிகிரி ஆடும். லுக் நிறுவனத்தின் கியோ வகையில் கறுப்பு 0, சாம்பல் 4.5, சிவப்பு 9 டிகிரி. ஒரு நிறுவனத்தில் சிவப்பு என்றால் துளியும் ஆடாது, இன்னொன்றில் சிவப்புதான் அதிகம் ஆடும். ஆகவே நிறத்தை வைத்து யாராவது ஆலோசனை சொன்னால் எந்த நிறுவனத்தின் நிறம் என்று கேளுங்கள். ஒன்றின் க்ளீட் இன்னொன்றின் பெடலில் சேராது என்பதும் நினைவிருக்கட்டும்.

எனக்கு வெளிச்சம் கிடைத்தது என் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது. வலது கிராங்கின், அதாவது பெடலைத் தாங்கிச் சுற்றும் உலோகக் கையின், உடம்பில், குதிகால் கடந்து போகிற உயரத்தில், ஒரு விரல் அகலத்துக்குக் கறுப்புப் பூச்சு தேய்ந்து பளபளவென்று உலோகம் தெரிந்தது. இடது கிராங்கில் அப்படி இல்லை. அது பழைய சாதாரண பெடல் காலத்துத் தேய்மானம். அதாவது பூட்டாமல் ஓட்டியபோது என் வலது குதிகால் உள்பக்கம் சாய்ந்து கிராங்கை உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. என் கால் தன் கோணத்தை அங்கே எழுதியே வைத்திருந்தது. க்ளீட் வந்தபிறகு அதே காலை நேராக்கிப் பூட்டிவிட்டார்கள்.

உடனே மேசை விளிம்பில் உட்கார்ந்து, கால்கள் தரையைத் தொடாமல் தொங்கும்படி விட்டுப் பார்த்தேன். இடது பாதம் கிட்டத்தட்ட நேராக நின்றது, வலது பாதம் நன்றாகவே வெளிப்பக்கம் திரும்பி நின்றது. நீங்களும் இதைச் செய்யுங்கள். கால்களை இறுக்காமல் தொங்கவிட்டு, மேலிருந்து யாரையாவது படம் எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு பாதமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இரண்டு க்ளீட்டையும் ஒரே மாதிரி வைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதால்தான் பாதிப் பேர் வலிக்கு ஆளாகிறார்கள் என்பது என் எண்ணம்.

சரி செய்யத் தொடங்கும் முன் இப்போதைய இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். க்ளீட்டைச் சுற்றி ஷூவின் அடியில் மார்க்கரால் கோடு போட்டு, ஒரு படமும் எடுத்து வைத்தால், எதுவும் ஒத்துவராதபோது பழைய இடத்துக்குத் திரும்பலாம். முதலில் முன் பின் இடம். ஷூவைப் போட்டுக்கொண்டு, உள்பக்கமாகத் தடவினால் பெருவிரலின் அடியில் எலும்பு முண்டு தட்டுப்படும். அந்த இடத்தில் ஷூவின் மேல் சிறு டேப் ஒட்டுங்கள். வெளிப்பக்கம் சுண்டுவிரலின் அடியில் உள்ள முண்டுக்கும் அப்படியே. அது சற்றுப் பின்னால் இருக்கும். பெடலின் அச்சு இந்த இரண்டு அடையாளங்களுக்கும் நடுவில் வர வேண்டும். க்ளீட்டின் ஓரத்தில் அச்சு எங்கே வரும் என்று காட்டும் சிறு கோடு பெரும்பாலும் இருக்கும், அதை வைத்துப் பொருத்தலாம். விரல் எரிச்சலோ, குதிகாலுக்கு மேலே தசைநாண் வலியோ, ஆடுசதை சீக்கிரம் களைப்பதோ இருந்தால் அங்கிருந்தும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் பின்னால் தள்ளலாம். என்னுடையது பெருவிரல் முண்டுக்கும் முன்னால் இருந்தது. பின்னால் கொண்டுவந்ததும் எரிச்சலில் பெரும்பகுதி போய்விட்டது. மிச்சம் அகலமான ஷூவில் போயிற்று.

க்ளீட்டைப் பின்னால் தள்ளினால் இரண்டு விளைவுகள் உண்டு. பெடலின் அச்சு குதிகாலை நெருங்குவதால் கால் எட்ட வேண்டிய தூரம் கூடுகிறது, அதனால் சீட்டை ஓரிரு மில்லிமீட்டர் இறக்க வேண்டியிருக்கும். இதைச் செய்யாமல் விட்டால் முட்டியின் பின்பக்கம் இழுக்கும். இன்னொன்று, ஷூ முன்னால் போவதால், மெதுவாக வளைந்து திரும்பும்போது ஷூவின் நுனி முன்சக்கரத்தில் இடிக்கலாம். சின்ன சைக்கிள்களில் இது சகஜம். சாலையில் தெரிந்துகொள்ள வேண்டாம், வீட்டிலேயே ஹேண்டில்பாரைத் திருப்பிப் பாருங்கள்.

அடுத்தது கோணம். க்ளீட்டின் நுனியை எந்தப் பக்கம் திருப்புகிறோமோ, பெடலில் மாட்டியதும் ஷூவின் நுனி அதற்கு எதிர்ப்பக்கம் போகும், ஏனென்றால் பெடலில் க்ளீட் எப்போதும் நேராகத்தான் நிற்கும். ஷூவைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு இடது வலது என்று யோசித்தால் தலை சுற்றும். பெருவிரல் பக்கம், சுண்டுவிரல் பக்கம் என்று மட்டும் நினையுங்கள். பாதம் வெளியே பார்க்க வேண்டுமானால் க்ளீட்டின் நுனியைப் பெருவிரல் பக்கம் திருப்புங்கள். உள்ளே பார்க்க வேண்டுமானால் சுண்டுவிரல் பக்கம். ஒரு தடவைக்கு ஒரு டிகிரி, இரண்டு டிகிரி போதும். பிறகு மாட்டிக்கொண்டு குதிகாலை உள்ளேயும் வெளியேயும் ஆட்டிப் பாருங்கள். இயல்பாக மிதிக்கும்போது இரண்டு பக்கமும் கொஞ்சம் ஆட்டம் மிச்சம் இருந்தால் சரியான இடம். ஒரு பக்கம் எப்போதும் முட்டிக்கொண்டே இருந்தால், கால் இன்னும் அந்தப் பக்கம் போகக் கேட்கிறது என்று அர்த்தம்.

நான் மஞ்சள் க்ளீட்டுக்கு மாறி, வலதை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். ஒரு கட்டத்தில் வெளிப்பக்க வலி போய், முட்டியின் உள்பக்கம் லேசாக இழுத்தது. அதுவும் நல்ல செய்திதான், எல்லை எங்கே என்று தெரிந்துவிட்டதே. அங்கிருந்து கொஞ்சம் பின்வாங்கியதும் இரண்டு பக்கமும் அமைதியானது. பொதுவாக, பாதம் அளவுக்கு மீறி உள்ளே திரும்பியிருந்தால் முட்டியின் வெளிப்பக்கமும், அளவுக்கு மீறி வெளியே திரும்பியிருந்தால் உள்பக்கமும் புகார் செய்யும். முட்டியின் முன்பக்கம் வலித்தால் க்ளீட்டைத் தொடும் முன் சீட் தாழ்வாக இருக்கிறதா என்று பாருங்கள்.

பக்கவாட்டு இடம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. க்ளீட்டைப் பெருவிரல் பக்கம் தள்ளினால் பாதம் கிராங்கை விட்டு விலகும், சுண்டுவிரல் பக்கம் தள்ளினால் நெருங்கும். முன்னால் இருந்து வீடியோ எடுத்துப் பாருங்கள். முட்டி பாதத்துக்கு நேர் மேலே ஏறி இறங்கினால் அப்படியே விட்டுவிடலாம். எனக்கு வலது குதிகால் கிராங்கை உரசாமல் இருக்கக் கொஞ்சம் விலக்க வேண்டியிருந்தது.

போல்ட்களுக்குத் துளி கிரீஸ் தடவி, ஆலன் கீயால் (அறுகோண முனைச் சாவி) மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் க்ளீட் திரும்பிவிடும், பட்ட பாடெல்லாம் வீண். ஷிமானோ சொல்லும் அளவு 5 முதல் 6 நியூட்டன் மீட்டர், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் நல்லது. தளர்வாக விட்டால் ஓட்டும்போது க்ளீட் மட்டும் திரும்பி, பெடலிலிருந்து கால் கழறாமல் விழ நேரும். முதல் முறை சுவரைப் பிடித்துக்கொண்டே பலமுறை மாட்டிக் கழற்றிப் பாருங்கள். பெடலின் ஸ்பிரிங் இறுக்கத்தையும் ஆரம்பத்தில் குறைத்து வையுங்கள். பிறகு ஆலன் கீயைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் பக்கத்திலேயே சுற்றுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். கோணத்தையும் சீட்டையும் ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று கடைசிவரை தெரியாது. மாற்றியதை ஒரு நோட்டில் எழுதி, இரண்டு மூன்று முறை ஓட்டிய பிறகே அடுத்ததைத் தொடுங்கள். இந்த நிதானம் எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் வேறு வழி இல்லை.

சரியான இடம் கிடைத்ததும் மறுபடி மார்க்கரால் கோடு போட்டு வையுங்கள். பிளாஸ்டிக் க்ளீட் நடக்க நடக்கத் தேயும். தேய்ந்தால் பெடலில் ஆடும், தானாகக் கழறும், மிதிக்கும்போது கிரீச்சென்று சத்தம் வரும். அந்தக் கோடு இருந்தால் புதியதை அதே இடத்தில் மாட்டிவிடலாம். இவ்வளவுக்குப் பிறகும் வலி போகவில்லை என்றால் ஒரு கால் குட்டையாக இருக்கலாம், பாதத்தின் வளைவு தாழ்ந்து உள்பக்கம் சாயலாம். அதற்கு க்ளீட்டுக்கு அடியில் வைக்கும் தகடுகளும், வளைவைத் தாங்கும் இன்சோல்களும் இருக்கின்றன. ஆனால் அவற்றை ஊகத்தில் வாங்காமல், உடம்பை அளந்து சைக்கிளைப் பொருத்தித் தரும் பைக் ஃபிட்டிங் செய்கிறவரிடம் போவது நல்லது. போகும்போது அவர் உங்களை வெறுங்காலுடன் நிற்கவைத்து, உட்காரவைத்துப் பார்க்கிறாரா, இரண்டு காலையும் தனித்தனியாக அளக்கிறாரா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இல்லை என்றால் வேறு ஒருவரைத் தேடுங்கள். முட்டி வீங்கினாலோ, சைக்கிளை விட்டு இறங்கி வெகுநேரம் கழித்தும் விரல்கள் மரத்தே இருந்தாலோ, ஃபிட்டிங் அப்புறம், முதலில் மருத்துவரைப் பாருங்கள்.